ஒரு சனிக்கிழமை அரங்கைத் தாருங்கள்: நியூ ஜெர்சித் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூ ஜெர்சியில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் தலைவர்கள், செயற்குழுவினர், தமிழ்ப் பள்ளி நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கும் சித்திரைத் திருநாளுக்கும் பள்ளிக்கூட அரங்கை வாடகைக்குப் பிடித்து, வந்த எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறி அனுப்புகிறீர்கள். துணைத் தூதரக முகாம் என்றால் இடம் கொடுக்கிறீர்கள், இரத்ததானம் என்றால் ஆள் திரட்டுகிறீர்கள். அந்த ஆற்றலை நம்பித்தான் இதை எழுதுகிறேன். ஆண்டில் ஒரே ஒரு சனிக்கிழமை அதே அரங்கைத் தாருங்கள். மேடையும் மைக்கும் வேண்டாம். சில மேசைகள், நாற்காலிகள், நாலைந்து வழக்கறிஞர்கள், பொறுமையான தொண்டர்கள் சிலர் இருந்தால் போதும். சிறு போக்குவரத்துத் தவறுக்குப் போலீஸ் எழுதிக் கொடுத்த பழைய டிக்கெட்டுக்காகப் பிறந்த வாரண்ட் ஒன்று தலைக்கு மேல் தொங்குவதால், மாநில அடையாள அட்டை எடுக்கக்கூடப் பயந்து ஒதுங்கி வாழும் நம் ஆட்களுக்காக அந்த ஒரு நாளைக் கேட்கிறேன்.

"நம்மில் அப்படி யார் இருக்கிறார்கள்?" என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். கேட்டதில் தவறில்லை. சங்க விழாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கணினித் துறையினர். வாரண்ட் என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. நான் சொல்கிறவர்கள் விழாவுக்கு வருவதில்லை. விழா நடக்கும் நேரத்தில் அவர்கள் உணவக அடுப்படியில் நிற்கிறார்கள். நியூ ஜெர்சியில் நம் கையால் பெட்ரோல் போட்டுக்கொள்ள 1949 முதல் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதனால் பங்கில் பனியில் நின்று நம் காருக்குப் பெட்ரோல் போடுகிறவராக இருக்கிறார்கள். மகளின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து, பிறகு இங்கேயே தங்கிவிட்ட பெரியவர்களாக இருக்கிறார்கள். படிப்பை முடித்து வேலை தேடும் மாணவர்களாகவும் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய ஒப்புதலோடுதான் சொல்கிறேன். பேரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார். மத்திய நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் தோசை மாஸ்டர். அவரை இங்கே அண்ணன் என்றே சொல்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கார் கிடையாது. இரவு கடை அடைத்ததும் சைக்கிளில்தான் அறைக்குத் திரும்புவார். ஒரு நாள் இரவு முன்விளக்கு இல்லாத சைக்கிளை போலீஸ்காரர் நிறுத்தி, டிக்கெட் எழுதிக் கையில் கொடுத்தார். அதில் நீதிமன்றத்தின் பேர், தேதி, நேரம் எல்லாம் இருந்தன. அண்ணன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதலாளியிடம் காட்டினால் வேலைக்குக் கேடு வருமோ என்று பயம். அறைத்தோழர்களுக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சரியாகப் புரியவில்லை. தேதி வந்தது, போனது. அடுத்த மாதம் வேறொரு வீட்டின் அடித்தளத்துக்குக் குடிமாறினார். நீதிமன்றம் அனுப்பிய கடிதம் பழைய முகவரிக்குப் போனது. "ஆஜராகவில்லை" என்று குறித்துக்கொண்டு நீதிமன்றம் வாரண்ட் போட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வீடு மாறினால் ஒரு வாரத்துக்குள் மாநில வாகனத் துறையான எம்விசிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் உரிமம் உள்ளவர்களுக்கான விதி. உரிமமே இல்லாதவர் யாரிடம் தெரிவிப்பார்? குடியுரிமை இல்லாதவர்கள் பத்து நாளுக்குள் குடிவரவுத் துறைக்குப் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். அண்ணனும் யாரோ சொல்லிக் கொடுத்தபடி அதைச் செய்துவிட்டார். அங்கே கொடுத்த முகவரி இங்குள்ள ஊர் நீதிமன்றத்துக்கு வந்து சேராது என்பதை அவருக்குச் சொல்ல ஆளில்லை. சட்டப்படி நடந்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர் பேரில், அவருக்கே தெரியாமல் பிடியாணை கிடந்தது.

அது தெரியவந்தது வேறொரு வழியில். அறை மாற்றும் குழப்பத்தில் ஒரு பை தொலைந்தது. பாஸ்போர்ட், கிரீன் கார்டு இரண்டும் அதற்குள். பழைய டிக்கெட்டைப் பற்றி உடன் வேலை பார்க்கும் பையனிடம் அப்போதுதான் வாய் திறந்தார். அவன் எங்கெங்கோ விசாரித்து வந்து, "உங்க பேர்ல வாரண்ட் இருக்குண்ணே, எந்த ஆபீஸுக்கும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அன்றிலிருந்து அண்ணனுக்கு எல்லாக் கதவும் அடைத்துக்கொண்டது.

எப்படி என்று பாருங்கள். தொலைந்த இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மாற்று வாங்க வேண்டுமென்றால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகல் வாங்க வேண்டும். வாரண்ட் உள்ளவர் காவல் நிலையத்துக்குத் தானாகப் போவாரா? கிரீன் கார்டுக்கு மாற்று வேண்டுமென்றால் விண்ணப்பத்தோடு அரசு தந்த புகைப்பட அடையாளம் ஒன்றின் நகல் வேண்டும். பிறகு கூப்பிட்டுக் கைரேகை எடுப்பார்கள். கைரேகை என்றதும் அவருக்குக் கை நடுங்கியது. சரி, மாநில அடையாள அட்டையாவது எடுக்கலாம் என்றால் எம்விசி ஆறு புள்ளிக் கணக்குச் சொல்கிறது: முதன்மை ஆவணம், துணை ஆவணம் என்று சேர்த்து ஆறு புள்ளி, அதோடு முகவரிச் சான்று. முதன்மை ஆவணமாகக் காட்டவேண்டியதே அந்தப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும்தான். ஒன்றை வாங்க மற்றொன்று வேண்டும், எதைத் தொட்டாலும் சீருடை போட்ட ஒருவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அட்டை இல்லாமல் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அவர் ஊருக்குப் பணம் அனுப்பும் கவுண்டரில் அடையாளம் கேட்டார்கள். வேறொருவர் பேரில் அனுப்பி, அந்த ஆளுக்குக் கமிஷன் கொடுத்தார். வங்கிக் கணக்குத் திறக்க முடியவில்லை. சம்பளம் ரொக்கமாக வந்து மெத்தைக்கடியில் கிடந்தது. சர்க்கரை நோய்க்கு மருத்துவரைப் பார்க்கப் போய், வரவேற்பு மேசையில் "ஐடி?" என்ற ஒரே கேள்விக்குத் திரும்பி வந்துவிட்டார். மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்பது எனக்கு அவருடைய காலில் புண்ணைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். நியூ ஜெர்சியில் வண்டி ஓட்டாதவருக்கான அடையாள அட்டைக்கு 24 டாலர் கட்டணம். அதற்கு எம்விசி கேட்பது நீங்கள் யார், எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்கான ஆதாரம். நிலுவையில் வாரண்ட் இருக்கக்கூடாது என்பது அந்த ஆவணப் பட்டியலில் இல்லை. ஓட்டுநர் உரிமத்தின் கதை வேறு. நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால் உரிமமே முடங்கலாம். ஆனால் அடையாள அட்டை என்பது வண்டி ஓட்டும் அனுமதி கிடையாது. இன்னார் இன்னார்தான் என்று அரசு சொல்லும் சாட்சி அது. அந்தச் சாட்சியைக் கேட்டுப் போக வாரண்ட் தடையில்லை. இதை நம் ஆட்களில் பத்தில் ஒருவர்கூட அறிந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அதற்காக "தைரியமாகப் போங்கள், ஒன்றும் ஆகாது" என்று நான் யாருக்கும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லக்கூடாது. வாரண்ட் என்பது உயிரோடு இருக்கும் உத்தரவு. பேரும் பிறந்த தேதியும் ஒரு போலீஸ்காரரின் கணினியில் ஏறிய நொடியில் அது கண்ணில் படும். பட்டால் பிடிப்பது அவர் கடமை. எம்விசி அலுவலகங்களில் காவலர் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே அட்டைக்கு ஓடுவதற்கு முன் வாரண்டைக் கவனிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு எம்விசி வரிசையில் போய் நிற்பது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது.

வாரண்டைக் கவனிப்பது நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிய மலையும் இல்லை. ஊர் நீதிமன்றத்தின் சிறு வழக்குகளில், வழக்கறிஞர் நீதிமன்ற எழுத்தரை அழைத்துப் பேசி, வாரண்டைத் திரும்பப் பெறும்படி மனு போட்டுப் புதுத் தேதி வாங்குவது அன்றாடம் நடக்கிற காரியம். பிடிபட்டு நிற்பவரையும் தானாக வந்து நிற்பவரையும் நீதிபதி ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. வசதியில்லாதவர் அபராதத்தைத் தவணையில் கட்ட இந்த மாநிலச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கும் வழியில்லாதவர் சமூகப் பணி செய்து கழிக்கலாம். சிறைத் தண்டனைக்கோ வேறு பெரிய பாதிப்புக்கோ வாய்ப்புள்ள வழக்கில் ஏழைக்கு நீதிமன்றமே வழக்கறிஞர் தர வேண்டும் என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது. கட்டச் சக்தி இருக்கிறதா இல்லையா என்று விசாரிக்காமல், அபராதம் கட்டவில்லை என்பதற்காக ஒருவரை உள்ளே தள்ளக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983-ல் பியர்டன் வழக்கில் தீர்ப்பளித்தது. மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றம் செலவில்லாமல் ஏற்பாடு செய்யும்; தமிழுக்கும் கேட்கலாம். இத்தனையும் இருக்கிறது. இருக்கிறது என்பது தெரியாததால்தான் அண்ணனைப் போன்றவர்கள் ஒளிந்து வாழ்கிறார்கள்.

அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் வழியாகத் தமிழ் தெரிந்த ஒரு பெண் வழக்கறிஞர் கிடைத்தார். எந்த ஊர் நீதிமன்றம் என்பதைக் கண்டுபிடிப்பதே முதல் வேலையாக இருந்தது. 564 ஊராட்சிகள் உள்ள மாநிலம் இது; ஒவ்வோர் ஊரும் தனியாகவோ பக்கத்து ஊரோடு சேர்ந்தோ ஒரு நீதிமன்றம் வைத்திருக்கிறது. இணையத்தில் டிக்கெட்டைத் தேடலாம் என்றால் நீதிமன்றக் குறியீடும் டிக்கெட் எண்ணும் வேண்டும். அண்ணனிடம் இருந்ததோ துணியோடு துவைத்துக் கூழாகிப் போன ஒரு தாள். எந்தச் சாலையில் நிறுத்தினார்கள், எந்தக் கடை எதிரே என்று அவரைப் பேச வைத்து, வரைபடத்தில் ஊர் எல்லையைப் பார்த்து, அந்த நீதிமன்றத்தைப் பிடித்தோம். வழக்கறிஞர் மனுப் போட்டார். வாரண்ட் திரும்பப் பெறப்பட்டது. விசாரணை காணொளியில் நடந்தது. உணவகத்தின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, எண்ணெய் டின்னில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அண்ணன். திரையில் நீதிபதியின் முகம் வந்ததும் சட்டென்று எழுந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டுக் கை கட்டி நின்றார். உட்காரலாம் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லியும் அவர் உட்காரவில்லை. விளக்கு வாங்கிப் பொருத்திவிட்டீர்களா என்று நீதிபதி கேட்டார். பொருத்திவிட்டேன் ஐயா என்றார். சிறு தொகை அபராதம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு காவல் நிலையத்துக்கு அவரே நடந்து போய்ப் பாஸ்போர்ட் தொலைந்த புகாரைக் கொடுத்தார். அங்கிருந்து தூதரகம், குடிவரவுத் துறை, கடைசியில் எம்விசி. மாதங்கள் ஆயின. ஆனாலும் ஆயிற்று.

இதை ஒரு தனி மனிதரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. இந்த மாநிலமே அப்படித் தள்ளவில்லை. ஊர் நீதிமன்றங்கள் எப்படி நடக்கின்றன, அபராதங்கள் எப்படி விதிக்கப்படுகின்றன என்பதை ஆராய நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைத்தது. அதன் அறிக்கை 2018 ஜூலையில் வந்தது. நீதிமன்றத்தை ஊரின் வருமான வழியாக ஆக்கிவிடக் கூடாது, சிறு விஷயங்களுக்கு வாரண்டையும் உரிம முடக்கத்தையும் இப்படித் தாராளமாக அள்ளி வீசக் கூடாது என்று அது அழுத்திச் சொன்னது. அடுத்து 2019 ஜனவரி 17 அன்று தலைமை நீதிபதி ஸ்டுவர்ட் ரேப்னர் ஓர் உத்தரவு போட்டார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் முடியாமல் கிடந்த 7,87,764 சிறு வழக்குகள் அடியோடு தள்ளுபடி. நின்று வாசிக்க வேண்டிய எண்ணிக்கை இது. வண்டி நிறுத்திய குற்றம், சிறிய போக்குவரத்துக் குற்றம் போன்றவை அவை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியது போன்ற கடுமையான வழக்குகளை அந்த உத்தரவு தொடவில்லை. 2003-க்கு முந்தியவற்றுக்குத்தான் அந்த விடுதலை. அதற்குப் பின்னால் குவிந்தவற்றுக்கு அந்த உத்தரவு பொருந்தவில்லை, நம் ஆட்களில் பெரும்பாலோர் வந்ததே அதற்குப் பிறகுதான்.

நாடு முழுவதும் இதே நிலைதான். மிசௌரியில் ஃபெர்குசன் என்ற சிற்றூரைப் பற்றி அமெரிக்க நீதித் துறை 2015-ல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும். சுமார் 21,000 பேர் வாழும் ஊரின் நீதிமன்றம் 16,000-க்கும் மேற்பட்டவர்கள் பேரில் வாரண்ட் வைத்திருந்தது. அவர்களில் வெளியூர்க்காரரும் உண்டு. 2007-ல் ஒரு முறை காரைத் தவறாக நிறுத்திய ஒரு கறுப்பினப் பெண்ணின் கதை அதில் வருகிறது. ஆரம்ப அபராதம் 151 டாலரும் கட்டணங்களும். இரண்டு முறை கைதாகி, ஆறு நாள் சிறையில் இருந்து, 550 டாலர் கட்டிய பிறகும் 2014 இறுதியில் அவருக்கு 541 டாலர் பாக்கி. இடையில் 25 டாலரும் 50 டாலருமாகக் கட்ட முயன்றபோது முழுத்தொகை இல்லை என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியிருக்கிறது. 2016-ல் யூட்டா மாநில வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காரணமில்லாமல் ஒருவரை நிறுத்தியது தவறாகவே இருந்தாலும், அவர் பேரில் பழைய வாரண்ட் இருந்தால் அதன் பிறகு எடுத்த சோதனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதில் மாறுபட்ட நீதிபதி சோட்டோமேயர், அரசுத் தரவுத்தளங்களில் 78 லட்சத்துக்கு மேல் வாரண்டுகள் கிடப்பதையும் அவற்றில் பெரும்பாலானவை சிறு குற்றங்களுக்கானவையாகத் தெரிவதையும் எடுத்துக் காட்டினார். சாலையில் நடந்து போகிறவரை அந்தத் தாள் எவ்வளவு எளியவராக்கிவிடுகிறது என்பதுதான் அவர் கவலை.

நம் மாணவர்களின் பெற்றோர் யாராவது இதை வாசித்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 வசந்தத்தில் அமெரிக்க அரசு சுமார் 13 லட்சம் வெளிநாட்டு மாணவர்களின் பெயர்களை எஃப்பிஐயின் குற்றத் தரவுத்தளத்தில் போட்டுப் பார்த்தது. 6,400 பேர் அளவில் ஏதோ ஒரு பொருத்தம் கிடைத்ததென்று அரசு அதிகாரிகளே வாஷிங்டன் நீதிமன்றத்தில் சொன்னார்கள். இங்கே தங்கிப் படிப்பதற்கு ஆதாரமான மாணவர் பதிவுகள் ஆயிரக்கணக்கில் ஒரே வீச்சில் ரத்தாகின. நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகு ஏப்ரல் இறுதியில் திரும்பக் கொடுக்கத் தொடங்கினார்கள். தள்ளுபடியான வழக்கு, போக்குவரத்து டிக்கெட் போன்றவைகூடக் காரணமாகியிருந்தன. குடிவரவு வழக்கறிஞர்கள் சங்கம் திரட்டிய 327 புகார்களில் பாதி இந்திய மாணவர்களுடையவை. ஆகவே, "சின்ன டிக்கெட்தானே, ஊருக்குப் போய்விட்டால் யார் தேடப்போகிறார்கள்" என்ற பேச்சு இனிச் செல்லாது.

ஆனால் நம்மவர்களின் பெரிய தடை சட்டம் இல்லை. வெட்கம். கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பெண் பார்க்க வரும்போதுகூட அதைப் பெருமையாகச் சொல்வோம். அந்தப் பெருமையைச் சுமந்துகொண்டு இங்கே வந்தவர், சைக்கிள் விளக்குக்காக வந்த தாளைக்கூடக் கொலைக் குற்றத்தைப்போல் மறைக்கிறார். ஊரில் மனைவியிடம் சொல்லமாட்டார், உடன் தங்கியிருப்பவரிடம் சொல்லமாட்டார், கோயிலில் பார்க்கும் நம்மிடம் நிச்சயமாகச் சொல்லமாட்டார். ஊர் நீதிமன்றத்து மாலை அமர்வில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர், தச்சர், செவிலியர், மாணவர் என்று எல்லாரும் வரிசையில் நின்று ஆளுக்குச் சில நிமிடத்தில் முடித்துக்கொண்டு போகிறார்கள். இங்கே அது அவமானமில்லை. அதை அந்த அண்ணனிடம் நான் சொன்னால் ஆறுதல் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொள்வார். சங்கம் மண்டபம் பிடித்து, மேசை போட்டுச் சொன்னால் நம்புவார்.

"மடியில் கனமில்லை என்றால் வழியில் எதற்குப் பயம்? தப்புச் செய்தவர் அனுபவிக்கட்டும்" என்று சிலர் சொல்வீர்கள். அபராதத்தை மன்னிக்கும்படி நான் யாரையும் கேட்கவில்லை. அவர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பதில் சொல்லட்டும் என்பதுதானே உங்கள் வாதம்? என் வாதமும் அதுவேதான். இப்போது அவர் எங்கேயும் பதில் சொல்லாமல் இருட்டில் கிடக்கிறார். அபராதம் ஊருக்கு வரவில்லை, வழக்கு முடியவில்லை, மனிதர் மருத்துவரைப் பார்க்கவில்லை. இதனால் யாருக்கு என்ன லாபம்?

சங்கம் இதைச் செய்யலாமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு முன்மாதிரி சொல்கிறேன். 2005-ல் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில், தேடப்படுகிறவர்களைப் பிடிக்கும் மத்திய அரசு அதிகாரிகளான அமெரிக்க மார்ஷல்கள் ஒரு தேவாலயத்தைத் திறந்து வைத்து, வாரண்ட் உள்ளவர்கள் இங்கே வந்து சரணடையலாம், நீதிபதி, வழக்கறிஞர் எல்லாரும் இருப்பார்கள் என்று அறிவித்தார்கள். நாலு நாளில் 800-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் அன்றே வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். பொதுமன்னிப்பு என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. தானாக வந்ததை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்றுதான் சொன்னார்கள். அது நம் மாநிலத்துக்கும் வந்தது: 2008-ல் கேம்டன், 2009-ல் நூவர்க், 2010-ல் சாமர்செட், 2013-ல் ஜெர்சி சிட்டி. ஆயிரக்கணக்கில் மக்கள் குழந்தை குட்டியோடு வந்து வரிசையில் நின்றார்கள். சாமர்செட் என்பது எடிசனிலிருந்து பக்கம்தான். நம் ஆட்கள் எத்தனை பேர் போனார்கள்? செய்தியே நம் பக்கம் வந்து சேரவில்லை. காவல் நிலையத்துக்கு வர அஞ்சுகிறவர் தேவாலயத்துக்கு வருவார் என்று அந்த மார்ஷல்கள் கணித்தது சரியாகப் போனது. நம் அண்ணனுக்கு அப்படி நம்பி வர ஓர் இடம் தமிழ்ச் சங்கம்தான், தமிழ்ப் பள்ளிதான்.

நான் கேட்பது அந்த அளவுக்குப் பெரியதுகூட இல்லை. நீதிபதியை அழைத்து வர வேண்டாம். ஊர் நீதிமன்ற வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் சிலரும், குடிவரவு வழக்கறிஞர் ஒருவராவதும் வேண்டும். குடிவரவு வழக்கறிஞர் இல்லாமல் தயவுசெய்து இதைத் தொடங்காதீர்கள். குடியுரிமை இல்லாதவர் அபராதத்தைக் கட்டிவிட்டால் போதும் என்று குற்றத்தை ஒப்புக்கொள்வது பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் வந்து நிற்கலாம். கைது, டிக்கெட் எல்லாவற்றையும் அந்தப் படிவம் கேட்கிறது. நாடு கடத்தும் உத்தரவு உள்ளவர், குடும்ப வன்முறைப் புகார் உள்ளவர், கடுமையான குற்றச்சாட்டு உள்ளவர் ஆகியோரைப் பொது மேசையில் உட்கார வைக்கக்கூடாது. தனி அறையில் வழக்கறிஞர் மட்டும் பேச வேண்டும்; எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

வழக்கமாகச் சங்க நிகழ்ச்சியில் செய்கிற சிலவற்றை அன்றைக்கு விட்டுவிடுங்கள். வருகைப் பதிவேடு வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். வாட்ஸாப் குழுவில் "இன்று இத்தனை பேர் பயனடைந்தார்கள்" என்று போட வேண்டாம். தொண்டர் கையில் எந்தப் பேரும் எழுதியிருக்கக்கூடாது. வழக்கறிஞரிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, தொண்டரிடம் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அறிவிப்பிலும் "வாரண்ட் முகாம்" என்று எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள். "அடையாள அட்டை, டிக்கெட், நீதிமன்றக் கடித உதவி" என்று எழுதுங்கள். பாட்டிக்கு அட்டை எடுக்க வருகிறவரும் வருவார், பழைய டிக்கெட் உள்ளவரும் வருவார். யார் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அறிவிப்பை விழா அழைப்பிதழ் போகிற மின்னஞ்சலில் அனுப்பிப் பயனில்லை. உணவகங்களின் சமையலறைக் கதவு, பெட்ரோல் பங்கு, மளிகைக் கடைப் பலகை, இந்த இடங்களில் ஒட்டுங்கள். முதலாளிகளில் பலர் உங்கள் விழாவுக்கு விளம்பரம் தருகிறவர்கள்தான். நீங்கள் சொன்னால் அன்று ஆளுக்கு இரண்டு மணி நேரம் விடுப்புக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெரியவர்கள் பயந்துவிடக் கூடாது. "உங்கள் பேரில் வாரண்ட் இருக்கிறது, உடனே கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் மிரட்டுகிறவன் திருடன். எந்த நீதிமன்றமும் அப்படிக் கேட்காது. உண்மையிலேயே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நீதிமன்றத்தின் எண்ணை நாமே தேடி எடுத்து வழக்கறிஞர் வழியாகக் கேட்க வேண்டும். இதையும் அன்று ஒரு மேசையில் சொல்லிக்கொடுக்கலாம்.

வாரண்ட் நீங்கியவர்களுக்கு அடுத்து அட்டை. அதற்கும் துணை வேண்டும். எம்விசியில் முன்பதிவு செய்வது, ஆறு புள்ளிக்கு எந்தெந்தத் தாள் சேரும் என்று பார்த்து அடுக்கிக் கொடுப்பது, முகவரிச் சான்றுக்கு வழி தேடுவது, அன்று காரில் கூட்டிப் போவது. ஏழெட்டுப் பேர் ஓர் அடித்தளத்தில் தங்கி, மின்கட்டணம் ஒருவர் பேரில் வருகிற வீட்டில் மற்ற ஏழு பேருக்கும் முகவரிச் சான்று கிடைப்பது எவ்வளவு பாடு என்பதை அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். அவர்கள் பேருக்கு ஒரு வங்கிக் கடிதமோ அரசுக் கடிதமோ வரவைக்க வேண்டும். கல்லூரி விண்ணப்பத்துக்காகத் தொண்டு நேரம் தேடும் நம் பிள்ளைகள் இந்த வேலையை அழகாகச் செய்வார்கள். அவர்களுக்கு அண்ணன்களின் தமிழும் புரியும், எம்விசியின் ஆங்கிலமும் புரியும்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். ஒரு சங்கத்தால் தனியாக முடியாவிட்டால் இரண்டு மூன்று சங்கங்கள் சேருங்கள். விழாத் தேதிக்குப் போட்டி போடுவதுபோல இதில் போட்டி வேண்டியதில்லை. அண்ணனுக்கு உதவிய அந்த வழக்கறிஞர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தன்னோடு இன்னும் இருவரை அழைத்து வருவார். சமையலறைக் கதவுகளில் அறிவிப்பு ஒட்டும் வேலையை என்னிடம் விடுங்கள். அண்ணனும் அன்று வருகிறேன் என்றிருக்கிறார். வருகிறவர்களுக்குச் சாப்பாடு அவர் பொறுப்பாம். மாவு அரைக்க எத்தனை பேருக்கு என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னார். அரங்கும் தேதியும் நீங்கள் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்தில் தமிழ்ப் பள்ளி விடுமுறை விட்டதும் வருகிற முதல் சனிக்கிழமை எல்லாருக்கும் தோதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
மத்திய நியூ ஜெர்சியிலிருந்து உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்